பழைய பேப்பரில் ஒரு பாலம்

எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கோழிப்பண்ணை வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்குமே அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஷெட்டுக்குள் அத்தனை கோழிகளும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. நாமக்கல்லுக்கு வெளியே இருந்த எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதே சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும். அந்தக் குரலோடும், அதைவிடப் பெரிய கோபத்தோடும்தான் சேலத்துக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்தேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் துறையின் மாணவர் அசோசியேஷனுக்குச் செக்ரட்டரியும் ஆனேன்.

ஆனேன் என்பதைவிட வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. தலைவர் பதவிக்குப் போட்டியே இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பையன் ஒருவன் இருந்தான். நல்ல உயரம், உயரத்துக்கு மேலான பருமன், கேன்டீன் பரோட்டாவில் வளர்ந்த உடம்பு. மைக் கிடைத்தால் விடமாட்டான், ஆனால் ஒருத்தர் மனதையும் புண்படுத்தமாட்டான். அவனைத் தலைவனாக்கிவிட்டார்கள். செக்ரட்டரி என்றால் வேலை செய்ய வேண்டும் என்பதால் யாரும் முன்வரவில்லை. "பொண்ணுங்க யாராவது ஆகட்டும். அவங்கதான் கையெழுத்து அழகா எழுதுவாங்க" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். அந்தப் பேச்சு பொறுக்காமல் கையைத் தூக்கினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அசோசியேஷன் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளிடம் போய் எங்கள் படிப்பைப் பற்றிச் சொல்வது. வருஷத்துக்கு ஒரு பள்ளி, ஒரு விழா, ஒரு குரூப் போட்டோ என்று அது நடந்துகொண்டிருந்தது. இந்த முறை பள்ளியை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்குக் காரணம் இருந்தது. நான் படித்தது நாமக்கல்லின் பெரிய விடுதிப் பள்ளிகளில் ஒன்று. விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் அரத்தைக் கையில் கொடுத்தபோது எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. படித்துப் படித்தே மெக்கானிக்கல் வரை வந்துவிட்ட என் மேலேயே எனக்கு அன்று ஆத்திரம் வந்தது. எனக்குக் கிடைக்காத ஒன்றை ஏதாவது ஒரு பள்ளியில் நாலு பிள்ளைகளுக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பனமரத்துப்பட்டி போகிற வழியில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி அமைந்தது. நாங்கள் போன முதல் நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

கல்லூரியில் நாங்கள் எதைத் தொடங்கினாலும் ஒரு முறை உண்டு. குத்துவிளக்கு வேண்டும். பின்னால் பேனர் வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை, நினைவுப்பரிசு, கடைசியில் நன்றியுரை. ஒரு வாட்டர் கூலர் திறந்தாலும் எங்களுக்கு இத்தனையும் வேண்டும். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தைவிட போட்டோ எடுக்கிற நேரம் அதிகமாக இருக்குமே, அந்தக் கதைதான். அதே விழாவை அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனோம். குத்துவிளக்கைக்கூடக் கல்லூரியிலிருந்தே எடுத்துப் போனோம். பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தலைவன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். மரத்து நிழல் நகர்ந்து போய் பாதிப் பிள்ளைகள் வெயிலில் இருந்தார்கள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் கை தட்டினார்கள்.

நன்றியுரையும் முடிந்தது. முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"எப்பங்கக்கா ஆரம்பிப்பீங்க?"

அதற்குள் மதிய உணவு மணி அடித்துவிட்டது. வெட்டித் திறந்து காட்டுவதற்காகக் கொண்டுபோன கியர்பாக்ஸ் வேனைவிட்டு இறங்கவே இல்லை. கூடக் கொண்டுபோன டிரோனை மட்டும் பறக்கவிட்டோம். பேட்டரி தீர்ந்து அது வேப்பமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

பள்ளித் தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒல்லியான, சிரிப்பே வராத மனுஷி. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"நல்லாப் பேசுனீங்க. எங்க புள்ளைங்க காலையில இருந்து வெயில்ல உக்காந்து உங்களுக்குக் கை தட்டிருக்குதுங்க. நீங்க அதுங்களுக்கு என்னங்கம்மா குடுத்தீங்க?"

திரும்பி வரும்போது வேனில் நான் போட்ட சத்தத்தில் டிரைவர் ஒரு தடவை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். தலைவன் பாவம், எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே புரியாமல் விழித்தான். "எப்பவும் இப்படித்தான பண்றோம்?" என்றான். அவன் சொன்னது நிஜம். அதனால்தான் எனக்கு அத்தனை கோபம்.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிப் போய் தலைமையாசிரியை முன்னால் நின்றேன். விழா வேண்டாம், மைக் வேண்டாம், ஒரு வகுப்பறையும் கொஞ்சம் பிள்ளைகளும் போதும் என்றேன். எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி நடக்கும். பேப்பரும் பசையும் மட்டும் வைத்துப் பாலம் கட்ட வேண்டும். அதிக எடை தாங்குகிற பாலத்துக்குப் பரிசு. பெரிய பெரிய விடுதிப் பள்ளிகள்தான் வரும். நான் பார்த்தவரை ஒரு அரசுப் பள்ளிகூட வந்ததில்லை. அதற்கு இந்தப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன் என்று சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"சரிங்கம்மா, அனுப்பறேன். ஆனா ஒண்ணு. கூட்டத்துக்கு ஆள் சேக்கறதுக்கு எங்க புள்ளைங்க வராது. அங்க போயி நாலு பேரு சிரிச்சு, மூஞ்சி தொங்கிப்போயி திரும்புச்சுங்கன்னா, அதோட உங்க காலேஜ்ல இருந்து யாரும் இந்த கேட்டுக்குள்ள வர வேண்டாம். நீங்களுந்தான்."

நான் தலையாட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்ற பயம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கூட்டம் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு அந்த வகுப்பின் லீடர்தான் தலைவி. மெலிந்த பெண். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டாள். பொருளைக் கையில் எடுத்து ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். அவளுடைய அம்மா அங்கே ஒரு சேகோ மில்லில், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற இடத்தில், வேலை பார்த்தார். பசைக்குக் கிழங்கு மாவு அங்கிருந்துதான் வந்தது. பழைய பேப்பர் ஆளுக்கு ஒரு கட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.

நான் எனக்கே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். சொல்லலாம், கேட்கலாம், கையால் தொடக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு பிள்ளை குழாய் செய்வதற்காகப் பேப்பரைக் குச்சியில் சுற்றும்போது அது தொளதொளவென்று பிரிந்துகொண்டே வந்தால், "இங்க குடு" என்று பிடுங்கி நாலு விநாடியில் சுற்றிக் கொடுக்கத்தான் கை போகும். என் கோபத்தை எனக்குத் தெரியும். அதனால் துப்பட்டா முனையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷம் கிழிந்த துப்பட்டாக்களுக்கு அந்தப் பாலம்தான் காரணம்.

முதலில் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். கையை வைத்ததும் சாய்ந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடியும் சாய்ந்தது. குறுக்கே ஒரு குழாய் கொடுத்தால் சாயாது என்று லீடர் கண்டுபிடித்தபோது, முக்கோணத்தைப் பற்றி நான் தயார் செய்துகொண்டுபோன பாடம் பைக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்கத் தேவைப்படவில்லை. சனிக்கிழமைகள் அப்படியே ஓடின. பிள்ளைகளின் விரல்களில் பேப்பர் மை ஏறி, அவர்கள் தொட்ட வெள்ளை ரிப்பனெல்லாம் சாம்பல் நிறமானது.

தலைவனுக்கு இதில் தான் ஒன்றும் செய்யவில்லையே என்று குறை. அந்த முதல் நாள் அவனையும் உறுத்திக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது. எங்கள் மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவன் செய்தான்.

போட்டி ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை, மாலை வகுப்பு முடிந்து நான் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளின் வகுப்பறையில், டீச்சர் மேஜை மேல், பளபளவென்று ஒரு பாலம் நின்றது. நீலமும் வெள்ளையும் பெயின்ட், இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம், முகப்பில் ஒரு டோல்கேட். மேலே பொம்மை லாரி ஒன்று நின்றது. பிள்ளைகள் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டிய பாலம் மூலையில், தரையில் கிடந்தது. மேஜைக்குப் பக்கத்தில் எங்கள் தலைவன் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றான்.

"செக்ரட்டரி, இனிமே பயமே இல்ல. உள்ள எல்லாம் பேப்பர்தான், லைட்ட மட்டும் கழட்டிட்டா ரூல்ஸ்படி சரியா வரும். ப்ராஜெக்ட் சென்டர்ல சொல்லிச் செஞ்சது" என்றான்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் கடைசி ஆண்டில் எல்லோரும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அதை நாம் செய்ய வேண்டியதில்லை, செய்து கொடுப்பதற்கென்றே டவுனில் கடைகள் இருக்கின்றன. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், மாடலும் விளக்கப் புத்தகமும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். வருஷா வருஷம் சீனியர்கள் அப்படித்தான் வாங்கினார்கள். அது தப்பு என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. தலைவனும் நல்லெண்ணத்தில்தான், கைக்காசைப் போட்டு, அந்தக் கடைக்கே போயிருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. "இந்தப் புள்ளைங்கனால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"தோத்துட்டு அழுதுட்டுத் திரும்பி வந்தா உனக்கு நல்லா இருக்குமா? அந்த எச்.எம். சொன்னத நீதான சொன்ன?" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த வருசம் நம்ம ப்ராஜெக்டையும் அங்கதான வாங்கப் போறோம்? அப்ப மட்டும் சரியா?" என்றான்.

அதற்குள் லீடர் நடுவில் வந்தாள்.

"அக்கா, சண்டைய அப்பறமாப் போட்டுக்கலாங்க. ரெண்டையும் நிறுத்தி வெயிட் வெச்சுப் பாத்துரலாங்களா?"

இரண்டு பெஞ்சுகளை இடைவெளி விட்டுப் போட்டார்கள். முதலில் அவர்களுடைய பாலம். பாடப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஏறிக்கொண்டே போனது. சத்தமே இல்லாமல் நடுவில் மடங்கி, புத்தகமெல்லாம் தரையில் சரிந்தது. அடுத்து நீலப் பாலம். அதே புத்தகங்கள், அதற்கு மேலும் ஒரு கட்டு. லேசாக முனகியது, ஆனால் நின்றது.

"பேசாம இதையே எடுத்துட்டுப் போயிரலாங்க" என்று ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள். வேண்டாம் என்று கத்தத்தான் எனக்கு வாய் வந்தது. துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு வாயை மூடினேன். மூஞ்சி தொங்கப்போவது அவர்களுக்கு. முடிவு சொல்ல நான் யார் என்று தோன்றியது.

லீடர் உடைந்த பாலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடங்கின இடத்தில் விரலை விட்டாள். விரல் உள்ளே போய்விட்டது. அந்த வாரம் முழுக்கத் தூறல். பசை காயவே இல்லை, உள்ளே பேப்பர் கூழாகக் கிடந்தது. பிறகு மேஜைக்குப் போய் நீலப் பாலத்தின் அடியில் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, இங்க மட்டும் ஏனுங்க ரெண்டு ரெண்டா வெச்சிருக்காங்க?"

தலைவனும் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தெரியலைம்மா. கடைக்காரரத்தான் கேக்கணும்."

"ஜட்ஜுங்க எங்களத்தானுங்கண்ணா கேப்பாங்க" என்றாள் அவள். குறும்போ கோபமோ அதில் இல்லை. "இது ஒடஞ்சா ஏன் ஒடஞ்சுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நம்முளுது ஏன் ஒடஞ்சுதுன்னு தெரியுமுங்க. ஈரம். அப்பறம் நடுவுல பலம் பத்தல."

அவள் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். விளக்குக் கம்பத்தின் மேல் ஆசை வைத்திருந்த ஒருத்தி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். அவளும் கடைசியில் நம்முளுதுதான் என்றாள். தலைவன் நீலப் பாலத்தை எடுத்து, பொம்மை லாரியை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் வந்த வேனின் பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் லீடர் சொல்லிவிட்டாள்.

மீதி இருந்தது வியாழனும் வெள்ளியும். அன்று மாலையே எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து புதிதாகக் குழாய்கள் சுற்றினார்கள். எங்கே காயவைப்பது என்பதுதான் கேள்வி. லீடரின் அம்மா மில் முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்தார். சேகோ மில் என்றால் முன்னால் பெரிய சிமென்ட் களம் இருக்கும். கிழங்கு மாவை அதில்தான் பரப்பிக் காயவைப்பார்கள். வெயில் ஏற ஏற அந்தக் களம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். "ஓரமாப் போட்டுக்கட்டும். மாவுல மை ஒட்டுச்சுன்னா மட்டும் நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்றாராம் முதலாளி.

பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி. குழாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். லீடர் என்னையும் தலைவனையும் மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் திருப்பிப் போடுங்க. ஒரு பக்கமே காஞ்சா வளஞ்சுக்கும். வேற எதையும் தொட்டுராதீங்க, ஒட்டவெல்லாம் வேண்டாம்" என்றாள். ஒரு மாணவர் அசோசியேஷனின் தலைவரும் செக்ரட்டரியும் வகுப்பைக் கட்டடித்துவிட்டு ஜவ்வரிசிக் களத்தில் பேப்பர்க் குழாய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். மழை எப்படியோ விலகிவிட்டது. வெள்ளை மாவில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. மாவின் புளிச்ச வாசனை சட்டையெல்லாம் ஏறியது. தலைவன் பேன்ட்டை மடித்துவிட்டு, ஷூவோடு நிற்க முடியாமல், வெறுங்காலோடும் நிற்க முடியாமல், குதித்துக் குதித்து நடந்தான். மாவு துழாவிக்கொண்டிருந்த பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "அந்தக் கடையில நமக்கு வாங்க வேண்டாம். நாமளே பண்ணுவம்" என்று அவனாகவே சொன்னான். புதன்கிழமைச் சண்டை அதோடு முடிந்தது.

வியாழன் மாலை பிள்ளைகள் பாலத்தைக் கட்டினார்கள். நடுவில் எல்லாக் குழாயும் இரட்டை. வெள்ளியன்று பாலம் முழுவதும் வெயிலில் நின்றது. மாலையில் லீடர் வந்து விரலால் தட்டிப் பார்த்தாள். மரக்கட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது.

சனிக்கிழமை காலை கல்லூரி வாசலில் விடுதிப் பள்ளிகளின் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. டை கட்டிய பிள்ளைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பாலங்கள். எங்கள் பிள்ளைகள் பழைய பேப்பர் எழுத்தெல்லாம் தெரிகிற பாலத்தைத் தூக்கிக்கொண்டு வேனிலிருந்து இறங்கினார்கள். பாலத்தின் ஒரு தூணில் பாதி சினிமா விளம்பரமும் இன்னொரு தூணில் மாட்டுத்தீவன விளம்பரமும் இருந்தன. யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். தலைமையாசிரியை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

இரண்டு மேஜைகளுக்கு நடுவே பாலத்தை வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, செங்கல்லை அடுக்குவார்கள். உடைகிறவரை அடுக்குவார்கள். நடுவர்கள் எங்கள் துறைத் தலைவரான பேராசிரியரும் சிவில் துறைப் பேராசிரியர் ஒருவரும். அழகழகான பாலங்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. ஒன்று அடுக்க ஆரம்பித்ததுமே போய்விட்டது. ஒன்று நன்றாகத் தாங்கி, கைதட்டல் வாங்கிவிட்டுத்தான் விழுந்தது. அதுதான் அதுவரை முதலிடம்.

எங்கள் முறை வந்தது. சிவில் பேராசிரியர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "நடுவுல மட்டும் ஏன் டபுளா இருக்கு?" என்று கேட்டார்.

"மொதப் பாலம் அங்கதானுங்க சார் ஒடஞ்சுது" என்றாள் லீடர்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்ப ஒண்ணு ஒடஞ்சிருக்கா?"

"நெறைய ஒடஞ்சிருக்குதுங்க சார்."

துறைத் தலைவர் சிரித்துவிட்டார். செங்கல் ஏறியது. முதலிடத்தில் இருந்த பாலம் தாங்கிய அளவு வந்தது. அதையும் தாண்டியது. பின்வரிசையில் இருந்த எங்கள் பசங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். செங்கல் அடுக்கு இனி உயர்ந்தால் தானாகச் சரிந்துவிடும் என்கிற அளவுக்கு வந்ததும் பேராசிரியர் கையைத் தூக்கி, "போதும், நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் லீடர் விடவில்லை. பாலத்தின் அடியில் குனிந்து, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் தாங்குமுங்க சார். கல்ல எறக்கிட்டு ஒரு ஆள ஏறச் சொல்லுங்க."

கிடைத்த வெற்றியைக் கையிலேயே உடைக்கப் பார்க்கிறாளே என்று இருந்தது. அரங்கத்தில் யார் ஏறுவது என்று ஒரே சத்தம். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் எழுந்தது எங்கள் தலைவன். அந்தக் கல்லூரியிலேயே ஏறக் கூடாத ஆள் என்று ஒருத்தனைத் தேடினால் அவனைத்தான் காட்டுவார்கள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குப் போனான்.

"நானே ஏறறேன். நான்தான் இவங்கனால முடியாதுன்னு நெனச்சவன்" என்றான். கையில் மைக் இல்லாமல் அவன் பேசி நான் கேட்ட மிகச் சிறிய பேச்சு அதுதான்.

"அண்ணா, பலகைக்கு நடுவுல கால வெக்காதீங்க. மூட்டு இருக்கற எடமாப் பாத்து ரெண்டு காலையும் அகட்டி வைங்க" என்றாள் லீடர். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள அவன் ஒரு காலை வைத்தான். அடுத்த காலை வைத்தான். பாலம் ஒரு தடவை கரகரத்தது. பிடித்தவர்கள் கையை விட்டார்கள். எங்கள் தலைவன் பழைய பேப்பரின் மேல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மூச்சுவிடப் பயந்து நின்றான். பாலம் அசையவில்லை.

அரங்கம் இடிந்துவிடும் போலக் கத்தினார்கள். டை கட்டிய பிள்ளைகளும் கத்தினார்கள். நான் கத்தியதில் எனக்கு ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். லீடர் மட்டும் குனிந்து அடியில் இன்னும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதற்கு வேறு வார்த்தை தேட எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது தலைமையாசிரியை என் பக்கத்தில் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பைத் தேடினேன், இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"திங்கக்கெழம எட்டாவது புள்ளைங்களும் வந்து எங்கிட்ட நிக்கும். இனிமே சனிக்கெழமைக்கு ரெண்டு ரூம் தொறந்து வெக்கச் சொல்றேன்" என்றார். "உங்க தலைவரையும் கூட்டிட்டு வாங்கம்மா. அவருக்குப் பேசறதுக்கு மட்டும் எடம் கெடையாது."

திரும்பும்போது வேன் இல்லை. பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினரை ரயிலுக்குக் கொண்டுபோய் விடப் போயிருந்தது. பிள்ளைகளோடும் தலைமையாசிரியையோடும் நானும் பஸ் ஏறினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் மாறி, பனமரத்துப்பட்டி பஸ்ஸில் பாலத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது, நின்றுகொண்டிருந்தவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். ஒரு அம்மா காய்கறிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சீட்டில் பாலத்துக்கு இடம் கொடுத்தார்.

கண்டக்டர் டிக்கெட் போட வந்தார். பாலத்தைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன சாமி இது?"

"பாலமுங்க" என்றார்கள் பிள்ளைகள். "ஆள் ஏறி நின்னாங்க இதுமேல."

"பேப்பர்லயா?" அவர் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையைப் பார்த்தார். பெரியவர்கள் எல்லோரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். "நீங்கதான் இதுங்களுக்குச் செஞ்சு குடுத்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அவங்க இல்லீங்க. நாங்க செஞ்சது."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லீடர் கொஞ்சம் யோசித்தாள். என்னை விட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"காய வெச்சப்ப அவங்க திருப்பிப் போட்டாங்க" என்றாள்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, திருப்பிப் போட்டது மட்டுந்தான் நான்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம், பிறகு பட்டம் வாங்கிய நாளில்கூட இல்லை.